கண் படிக்கும் கணினி – 6: 54 மருத்துவர்களின் தீர்ப்பு

இதுவரை: 1976-ஆம் ஆண்டு, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வாளர் எரிக் புரூவரின் குழு தேனிக்கு வந்தது. வீட்டுக்குள் மட்டுமே எட்டும் வைஃபை அலையைப் பல மைல் தூரம் எட்டவைத்து, சுற்றுவட்டாரக் கிராமங்களின் கண் பரிசோதனை மையங்களான விஷன் சென்டர்களை அரவிந்தின் தேனி மருத்துவமனையோடு இணைத்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கிக் கருவிகள் பழுதாயின. அவற்றைக் கவனித்துக்கொள்ள உள்ளூர்ப் பணியாளர்களே கற்றுக்கொண்டார்கள். கிராமத்து நோயாளியின் முகம் தேனி மருத்துவரின் திரையில் தெரிந்தது.

வைஃபை கோபுரம் நின்றது. அலை எட்டியது. படம் வந்து சேர்ந்தது.

வந்த படத்தைப் படிக்க ஆள் எங்கே?

★

வலிக்காத நோய்

சர்க்கரை நோய் கண்ணைத் தாக்கும்போது சத்தம் போடுவதில்லை. வலி கிடையாது. சிவப்பு கிடையாது. நீர் வடிவதும் கிடையாது.

விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் பலமிழந்து புடைக்கின்றன, கசிகின்றன, சில இடங்களில் அடைபட்டும் போகின்றன. ரத்தம் கிடைக்காத விழித்திரை புதிய குழாய்களை வளர்த்துக்கொள்ளப் பார்க்கிறது. அப்படி முளைப்பவை நொய்மையானவை. என்றோ ஒருநாள் அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது.

இத்தனைக்கும் இது சிகிச்சை இல்லாத நோயல்ல. கடும் பார்வையிழப்பை லேசர் சிகிச்சை பாதியளவு, ஏன் அதற்கு மேலும் குறைக்கும் என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1976-லேயே காட்டிவிட்டது. மதுரையில் அந்த 11 படுக்கைகள் போடப்பட்ட அதே ஆண்டு.

ஆக, கையில் சிகிச்சை இருந்தது. நேரத்தோடு நோயைக் கண்டுபிடிக்கத்தான் வழியில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்றது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு இந்த நோய். நாட்டிலுள்ள சர்க்கரை நோயாளிகள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைக் காட்ட வேண்டும் என்பது மருத்துவ விதி. ஆளுக்கு இரண்டு கண். ஒரு கண்ணுக்கு ஒரு படம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 20 கோடிப் படங்கள்.

கொள்ளிடக் கரையிலுள்ள நம் தா.பழூரில் சர்க்கரை நோயுள்ள ஒரு கூலித் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். இன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. விழித்திரை மருத்துவரை அப்படி வாசலுக்கு அனுப்ப முடியாது. அரியலூருக்கோ, மதனத்தூர் பாலம் தாண்டிக் கும்பகோணத்துக்கோ, இன்னும் தள்ளித் தஞ்சாவூர், திருச்சிக்கோ பஸ் ஏற வேண்டும். நடவு நேரத்தில் ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போயிற்று. கண் நன்றாகத்தான் தெரிகிறது, வலியும் இல்லை. எதற்காகப் போவார் அவர்?

போனால் பார்வை தப்பும் என்று அவரிடம் யாராவது ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். அந்த ஆதாரம் அவர் ஊரிலேயே, அன்றைக்கே கிடைக்க வேண்டும். இந்தப் பகுதியின் கதை அந்தத் தேவையிலிருந்துதான் தொடங்குகிறது.

★

ஒரு படம், ஒரு புள்ளி

விழித்திரைப் படம் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

மங்கலான அறை. நோயாளி தாடையைத் தாங்கியில் வைக்கிறார். ஒரு பளிச். திரையில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம் வருகிறது. ஒரு பக்கத்தில் வெளிறிய சிறு தட்டு. கண் நரம்பு மூளைக்குப் புறப்படும் இடம் அது. அங்கிருந்து ரத்தக் குழாய்கள் மேலும் கீழும் கிளை பிரிந்து ஓடுகின்றன. நடுவில் சற்றுக் கருத்த ஒரு பகுதி. எழுத்துப் படிப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் முகம் அடையாளம் காண்பதும் அந்த இடத்தால்தான்.

இப்போது அந்தச் செம்மையின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. நிஜத்தில் அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

அது ரத்தக் குழாயின் புடைப்பா? அங்கே சிந்திய ரத்தமா? அல்லது கேமரா லென்ஸில் ஒட்டிய தூசியா?

மருத்துவர்கள் இதை ஐந்து தரங்களாகப் பிரிக்கிறார்கள்: பாதிப்பு இல்லை, லேசானது, மிதமானது, கடுமையானது, புதுக் குழாய் முளைத்த நிலை. புடைப்பு மட்டும் இருந்தால் லேசானது. அதற்கு மேல் ஏதேனும் தென்பட்டால் மிதமானது. லேசானது என்றால் அடுத்த ஆண்டு வந்தால் போதும். மிதமானது என்றால் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

ஒருவரை பஸ் ஏற்றுவதா வீட்டுக்கு அனுப்புவதா என்பதை அந்தப் புள்ளி முடிவு செய்கிறது.

★

டொரான்டோவிலிருந்து ஒரு செய்தி

விழித்திரைப் படத்தைக் கணினியிடம் கொடுக்கும் முயற்சி புதிதல்ல. ஆனால் பழைய முறையில் எல்லாவற்றையும் பொறியாளர்களே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. புள்ளி என்றால் எவ்வளவு வட்டம், எவ்வளவு சிவப்பு, குழாயிலிருந்து எவ்வளவு தூரம் என்று விதி விதியாக எழுதினார்கள். விதிக்கு அடங்காத கண் வந்ததும் நிரல் தடுமாறியது.

2012-இல் திருப்பம் வந்தது. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹின்டனும் அவருடைய மாணவர்கள் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர் இருவரும் படங்களை அடையாளம் காணும் உலகப் போட்டியில் இறங்கினார்கள். மற்ற அணிகளில் சிறந்தது 26 சதவீதம் தவறு செய்த இடத்தில், இவர்களின் நரம்பு வலைப்பின்னல் 15.3 சதவீதம்தான் தவறு செய்தது.

இவர்கள் விதி எதையும் எழுதவில்லை. குழந்தைக்கு மாட்டையும் எருமையையும் காட்டிக் காட்டிப் பழக்குவதுபோல, விடை தெரிந்த படங்களை லட்சக்கணக்கில் காட்டினார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்பதைக் கணினி தானே கண்டுபிடித்துக்கொண்டது.

கூகுள் ஆய்வாளர்கள் சிலர் இதை விழித்திரைக்குக் கொண்டுவர நினைத்தார்கள். மருத்துவமும் உயிரிப் பொறியியலும் படித்த லில்லி பெங், கணினிப் பார்வைத் துறையில் தேர்ந்த வருண் குல்ஷன் ஆகியோர் அந்தக் குழுவில் முக்கியமானவர்கள்.

அவர்களிடம் கணினிகள் இருந்தன, கணிதம் இருந்தது. கண்கள் இல்லை.

கண்கள் மருத்துவமனைகளில் இருந்தன. அமெரிக்காவின் ஐபேக்ஸ் பரிசோதனைத் திட்டத்திலிருந்து படங்கள் வந்தன. இந்தியாவில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று மருத்துவமனைகள் படங்கள் தந்தன. மதுரையிலிருந்து விழித்திரை நிபுணர் டாக்டர் ஆர்.கிம், சென்னையிலிருந்து டாக்டர் ராஜீவ் ராமன் ஆகியோர் ஆய்வில் பங்கேற்றார்கள்.

அடையாளங்கள் நீக்கப்பட்டு, பயிற்சிக்கென்று சேர்ந்த படங்கள் 1,28,175.

கணினிக்குக் காட்டப் படங்கள் தயார். ஒவ்வொரு படத்துக்கும் சரியான விடையைச் சொல்வது யார்?

★

பிளவு

மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சிக்கல் அங்கேதான் முளைத்தது.

ஒரே படத்தை இரண்டு கண் மருத்துவர்களிடம் கொடுத்தால், தெளிவான நோயில் இருவரும் ஒன்றையே சொல்வார்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் படத்தில் பிரிவார்கள். ஒருவருக்கு லேசானதாகத் தெரிவது மற்றவருக்கு மிதமானதாகத் தெரியும். மூன்றாமவர் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லலாம். மூவருமே நன்றாகப் படித்தவர்கள், மூவருமே மனசாட்சியோடு பார்ப்பவர்கள்.

பொறியாளர்களுக்கு இது பெரிய இடி. கணினி கற்க வேண்டுமென்றால் விடைத்தாள் வேண்டும். விடைத்தாளே படத்துக்குப் படம், ஆளுக்கு ஆள் மாறினால்?

இரண்டு வழிகள் இருந்தன. யாராவது ஒரு பெரிய மருத்துவரைப் பிடித்து, அவர் சொன்னதே சரி என்று வைத்துக்கொள்ளலாம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த ஒருவரின் கண்பிசகும் பழக்கமும் கணினிக்குள் போய்க் குடியேறிவிடும்.

அவர்கள் கடினமான வழியைத் தேர்ந்தார்கள். அமெரிக்காவில் உரிமம் பெற்ற கண் மருத்துவர்களும் மூத்த பயிற்சி மருத்துவர்களுமாக 54 பேரைத் திரட்டினார்கள். 2015 மே முதல் டிசம்பர் வரை அவர்கள் திரைமுன் அமர்ந்து தரம் போட்டார்கள். ஒவ்வொரு படமும் குறைந்தது 3 முறை, சில படங்கள் 7 முறை வரை மதிப்பிடப்பட்டன.

எண்ணிப் பாருங்கள். ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். மூன்று மூன்று முறை என்றாலே கிட்டத்தட்ட நான்கு லட்சம் தீர்ப்புகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மனிதர் அந்தச் சிவப்புப் புள்ளியை உற்றுப் பார்த்திருக்கிறார்.

இன்று 'கணினி நோயைக் கண்டுபிடித்துவிட்டது' என்று செய்தி படிக்கும்போது நாம் மறக்கக் கூடாதது இதைத்தான். அந்தக் கணினிக்குள் இருப்பது அந்த 54 பேரின் பார்வை. அவர்கள் பார்த்த கண்களைக் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத நோயாளிகள். அவர்களில் பலர் நம் மதுரையிலும் சென்னையிலும் வரிசையில் நின்றவர்கள்.

★

இரண்டு அளவுகோல்கள்

2016 நவம்பர் 29. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் முடிவு வெளியானது.

பயிற்சியில் காட்டாத புதிய படங்கள் இரண்டு தொகுப்புகளாகக் கணினியிடம் தரப்பட்டிருந்தன. ஒன்றில் 9,963 படங்கள், மற்றதில் 1,748. முதல் தொகுப்பில், மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய நோயில் 97.5 சதவீதத்தை அது பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 93.4 சதவீதத்தினரை 'இல்லை' என்று சரியாகச் சொன்னது.

அதே கட்டுரையில் இன்னொரு ஜோடி எண்களும் இருந்தன: 90.3, 98.1. அதே கணினி, அதே படங்கள். எந்த அளவு சந்தேகம் வந்தால் 'நோய்' என்று சொல்ல வேண்டும் என்ற கோட்டை மட்டும் நகர்த்தியிருந்தார்கள்.

இந்த நான்கு எண்களில் மனித வாழ்க்கை இருக்கிறது. எளிதாக ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் பேர் பரிசோதனைக்கு வருகிறார்கள். அவர்களில் நூறு பேருக்கு மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய அளவு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கோட்டில் நின்றால், கணினி இரண்டு மூன்று நோயாளிகளைத் தவறவிடும். ஆனால் நோயில்லாத 59 பேரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும். இரண்டாம் கோட்டில் நின்றால், வீணாக அனுப்பப்படுபவர்கள் 17 பேர்தான். ஆனால் தவறவிடப்படும் நோயாளிகள் பத்துப் பேர் ஆகிவிடுவார்கள்.

ஒரு பக்கம், ஒருநாள் கூலியையும் பஸ் காசையும் இழக்கும் 59 பேர். மறுபக்கம், 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று கேட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிப் பார்வையை இழக்கக்கூடிய பத்துப் பேர்.

கோட்டை எங்கே போடுவது?

இந்தக் கேள்விக்குக் கணிதத்தில் விடை இல்லை. ஊரில் எத்தனை மருத்துவர்கள் இருக்கிறார்கள், மருத்துவமனை எவ்வளவு தூரம், அனுப்பப்பட்டவர்களை அங்கே பார்க்க இடமிருக்கிறதா என்று தெரிந்தவர்களே இதற்குப் பதில் சொல்ல முடியும். பொறியாளருக்குப் பக்கத்தில் மருத்துவர் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். கருவி செய்து முடித்ததும் விடைபெற்றுப் போகும் கூட்டணி இந்த இடத்தில் உதவாது.

★

மதுரைத் தேர்வு

முடிவு உலகமெங்கும் பேசப்பட்டது. ஆனால் கவனமாகப் படித்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். சோதனைக்கு வைத்த அந்த இரண்டு தொகுப்புகளில் ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது, மற்றது பிரான்சிலிருந்து.

சேமித்து வைத்த படங்களில் தேறுவது வேறு. மருத்துவமனைக்கு அன்றாடம் வரும் மனிதர்களிடம் தேறுவது வேறு. புரை விழுந்த கண்ணில் படம் மங்கும். கண்பாப்பா சுருங்கியிருந்தால் ஓரம் இருளும். முதியவர் தலை அசைந்தால் எல்லாமே கலங்கும்.

அந்தத் தேர்வு, கட்டுரை அச்சேறுவதற்கு முன்பே தமிழ்நாட்டில் தொடங்கியிருந்தது. 2016 மே முதல் 2017 ஏப்ரல் வரை, மதுரை அரவிந்தில் 997 பேர், சென்னை சங்கர நேத்ராலயாவில் 2,052 பேர் என 3,049 சர்க்கரை நோயாளிகள் பங்கேற்றார்கள். ஒவ்வொருவரின் படத்தையும் கணினியும் பார்த்தது, அந்தந்த மருத்துவமனையின் பயிற்சி பெற்ற தரமிடுபவர் ஒருவரும் விழித்திரை நிபுணர் ஒருவரும் பார்த்தார்கள். கருத்து வேறுபட்ட இடங்களில் மூன்று விழித்திரை நிபுணர்கள் கொண்ட குழு சொன்னதே இறுதி முடிவு.

மதுரையில் கணினி பிடித்தது 88.9 சதவீத நோயை. சென்னையில் 92.1 சதவீதத்தை. நோயில்லாதவர்களைச் சரியாகச் சொன்னது மதுரையில் 92.2, சென்னையில் 95.2 சதவீதம்.

97.5-லிருந்து 88.9-க்கு இறங்கிவிட்டதே என்று தோன்றும். ஆனால் அதே தேர்வை எழுதிய மனிதர்களின் மதிப்பெண்ணையும் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தவர்கள் பிடித்த நோய் 73.4 முதல் 89.8 சதவீதம் வரைதான்.

நம் ஊர்க் கண்களில், நம் ஊர் மருத்துவமனைகளில், கணினி மனிதர்களுக்குச் சமமாக நின்றது.

★

மூவர் அமர்வு

இதற்கிடையே அதே ஆய்வாளர்கள் தங்கள் விடைத்தாளையே மறுபடி சந்தேகித்தார்கள். அதுவரை பெரும்பான்மை சொன்னதையே விடையாக வைத்திருந்தார்கள். பெரும்பான்மை சொன்னால் அது உண்மையாகிவிடுமா?

மூன்று விழித்திரை நிபுணர்களை ஒரே படத்தைப் பார்க்கவைத்தார்கள். இம்முறை வாக்கெடுப்பு இல்லை. ஒத்துவராத படத்தில், ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒவ்வொருவரும் காரணம் சொல்ல வேண்டும். மூவரும் ஒரே முடிவுக்கு வரும்வரை விவாதிக்க வேண்டும்.

2018-இல் வெளிவந்த முடிவு மருத்துவர்களையே யோசிக்கவைத்தது. பெரும்பான்மைத் தீர்ப்பும் விவாதித்து எட்டிய தீர்ப்பும் மாறுபட்ட இடங்களில், 36 சதவீதம் சின்னஞ்சிறு புடைப்பைக் காணாமல் விட்டதால் வந்தவை. 20 சதவீதம் தூசி, ஒளிப்பிழை போன்றவற்றால் வந்தவை. 16 சதவீதம் ரத்தக்கசிவைத் தவறாக வகைப்படுத்தியதால் வந்தவை.

பெரும்பான்மையின் கண்ணுக்கும் தப்பிய அந்தப் புள்ளியை, ஒருவர் விரல் வைத்துக் காட்டிக் காரணம் சொன்னபோது மற்ற இருவரும் கண்டார்கள். அப்படி விவாதித்து எட்டிய தீர்ப்புகளைச் சிறு எண்ணிக்கையில் சேர்த்ததுமே கணினியின் தரம் உயர்ந்தது.

இந்தக் கதையில் ஆகப்பெரிய திருப்பமாக நான் கருதுவது இதைத்தான். டொரான்டோவின் கணிதம் வழி திறந்தது உண்மை. ஆனால் மருத்துவர்கள் தங்களுக்குள் இருந்த கருத்து வேறுபாட்டை மூடி மறைக்காமல் மேசைமேல் எடுத்து வைத்தார்கள். பொறியாளர்கள் அதைக் குறையாகத் தள்ளாமல் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு துறைகள் ஒன்றின் முன் ஒன்று பணிந்து உட்கார்ந்ததால்தான் கருவி கூர்மையடைந்தது.

★

சொல்லிக்கொடுக்காத விடை

2018 பிப்ரவரி. இன்னொரு கட்டுரை.

ரயன் பாப்ளின், அவினாஷ் வரதராஜன், லில்லி பெங் ஆகியோர் அடங்கிய குழு, 2,84,335 பேரின் விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினிக்கு வேறு கேள்விகளைப் பழக்கியது. இவருக்கு வயது என்ன? ரத்த அழுத்தம் எவ்வளவு? புகைபிடிப்பவரா? ஐந்தாண்டுக்குள் இவருக்கு மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு வருமா?

வயதைச் சராசரியாக மூன்றேகால் ஆண்டு வித்தியாசத்துக்குள் சொன்னது. ரத்த அழுத்தத்தையும் ஓரளவு நெருங்கியது. மாரடைப்பு வாய்ப்பைச் சொல்வதில், ரத்தப் பரிசோதனை ஏதுமில்லாமலே, வழக்கமான கணிப்பு முறைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பிறகு ஒரு கேள்வி. இந்தக் கண் ஆணுடையதா, பெண்ணுடையதா?

விழித்திரையைப் பார்த்து அதைச் சொல்ல எந்தக் கண் மருத்துவருக்கும் தெரியாது. பாடப்புத்தகத்திலும் அப்படி ஓர் அடையாளம் இல்லை. ஒரு ஆண் படத்தையும் ஒரு பெண் படத்தையும் கொடுத்தால், கணினி நூற்றுக்கு 97 முறை எது எவருடையது என்று சரியாகப் பிரித்தது.

எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று ஆராய்ந்தார்கள். படத்தின் எந்தப் பகுதிகளை அது கவனித்தது என்று வரைபடம் எடுத்தார்கள். நரம்புத் தட்டு, ரத்தக் குழாய்கள், நடுப்பகுதி எனப் பல இடங்கள் ஒளிர்ந்தன. அந்த இடங்களில் அது கண்டது என்ன என்று மருத்துவரால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

இதுவரை கணினி தவறு செய்தால் திருத்த ஆள் இருந்தார்கள். 54 பேர் இருந்தார்கள், அதற்கு மேல் மூவர் அமர்வு இருந்தது. புள்ளியைக் காட்டி, 'இது கசிவு, இது தூசி' என்று வாதாட முடிந்தது. மருத்துவரின் கண்ணுக்கே தெரியாத ஒன்றைக் கண்டு கணினி தீர்ப்புச் சொல்லும்போது, அதோடு யார் வாதாடுவது?

அந்தக் கேள்வி ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. 2019 பிப்ரவரியில், சர்க்கரை நோயின் கண் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் அந்தக் கருவி மதுரை அரவிந்தில் அன்றாடப் பரிசோதனைக்கு வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அடுத்து அது தமிழகத்தின் பல ஊர்களுக்குப் போனது. தாய்லாந்தின் கிராம மருத்துவ நிலையங்களுக்கும் போனது. அங்கே செவிலியர்கள் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றை, 'இதை என்னால் படிக்க முடியாது' என்று கணினி திருப்பித் தள்ளியது.

படிக்க முடியாத படத்துக்குச் சொந்தமான நோயாளியை என்ன செய்வது? வீட்டுக்கு அனுப்புவதா, நெடுந்தூரம் பஸ் ஏற்றுவதா? அந்த முடிவை எடுக்க வேண்டியவர் செவிலியரா, கணினியா, கருவியைச் செய்தவர்களா?

(அடுத்த வாரம்)